வாஸ்கோட காமாவிலிருந்து தொடங்காதீர்கள்: ஆசியக் கடல் வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போன கதையைப் படிப்பது எப்படி

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். 1498-இல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார், அவர் பின்னாலேயே டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், நாட்டைப் பிடித்தார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால் கொஞ்சம் யோசிக்கிற ஆள் யாராவது, "சரி, பல நூற்றாண்டுகளாக அரபிகளும் குஜராத்திகளும் நம்மூர்ச் செட்டியார்களும் மரைக்காயர்களும் சீனரும் நடத்திக்கொண்டிருந்த வியாபாரத்தை, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பாதி பேரைச் சாகக் கொடுத்துவிட்டு வந்த ஒரு சின்னக் கூட்டம் எப்படிப் பிடித்தது?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது. பீரங்கி இருந்தது என்பார்கள். இருந்தது. அந்தப் பீரங்கியை வைத்துக்கொண்டே அவர்கள் தோற்ற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன, அதை அப்புறம் பார்ப்போம்.

இதை நீங்களாகவே தோண்டிப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கல்லூரிக் கட்டுரைக்கோ, போட்டித் தேர்வுக்கோ, யூடியூப் வீடியோவுக்கோ, வெறும் ஆர்வத்துக்கோ, எதற்கானாலும் இதே வழிதான். எந்த ஆண்டைப் படித்தாலும், எந்தத் துறைமுகத்தைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்க யாருடைய பணம் போனது? உனக்கு விற்க மாட்டேன் போ என்று யாரால் சொல்ல முடிந்தது? இந்த இரண்டுக்கும் பதில் எப்போது மாறுகிறதோ அப்போதுதான் ஆதிக்கம் வந்தது. அது 1498 இல்லை, அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

முதலில் ஒரு வரைபடம், அதில் காற்று

இந்தியப் பெருங்கடலின் வெற்று வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு எல்லைகள் இல்லாததாக. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று, இரண்டையும் அம்புக்குறி போட்டு வரையுங்கள். பாய்மரக் கப்பல் இந்தக் காற்றை மீறிப் போகாது. ஏடனில் ஏறிய ஒரு வணிகர் ஒரே மூச்சில் சீனம் போய்ச் சேர முடியாது, நடுவில் எங்காவது இறங்கிக் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஹோர்முஸ், காம்பே, கள்ளிக்கோட்டை, நாகப்பட்டினம், மலாக்கா என்று இடைவழிப் பட்டினங்கள் வளர்ந்தன. காத்திருக்கிறவனுக்கு வீடு, கிட்டங்கி, கடன், தரகர், தன் சாதி சனம் வாழும் தெரு, எல்லாம் வேண்டுமே. மலாய் தீபகற்பத்தின் மலாக்காவில் வெளியூர் வணிகர்களைக் கவனிக்கவே ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள்: குஜராத்திகளுக்குத் தனி, தமிழர்களும் வங்காளிகளும் பர்மாவின் பெகுக்காரரும் சேர்ந்த கூட்டத்துக்குத் தனி, ஜாவா முதலிய தீவுக்காரர்களுக்குத் தனி, சீனருக்குத் தனி.

அடுத்து அதே வரைபடத்தில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: என்ன இருக்கிறது, என்ன வேண்டும். மலபாரில் மிளகு. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் கிராம்பு, பண்டாத் தீவுகளில் ஜாதிக்காய், இரு இடத்துக்கும் வேண்டியது துணியும் அரிசியும். சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் துணி. சீனத்தில் பட்டு, அங்கே வேண்டியது வெள்ளி. ஜப்பானில் வெள்ளி, அங்கே வேண்டியது பட்டு. இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். அவர்களுக்கு எல்லாம் வேண்டும், அவர்களிடம் இருப்பதில் ஆசியாவுக்கு வேண்டியது கிட்டத்தட்ட எதுவும் இல்லை. கம்பளித் துணியை வைத்துக்கொண்டு கள்ளிக்கோட்டை வெயிலில் யார் என்ன செய்வார்கள்?

அப்புறம் 1498

வரைபடம் தயாரான பிறகு வாஸ்கோட காமாவிடம் போகலாம். அவர் கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரிக்குக் கொண்டுவந்த அன்பளிப்பைப் பாருங்கள்: கோடுபோட்ட துணி பன்னிரண்டு, சிவப்புத் தலைமூடி நான்கு, தொப்பி ஆறு, பவழச் சரம் நான்கு, கைகழுவும் பாத்திரம் ஆறு, ஒரு பெட்டிச் சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். சாமூதிரியின் அதிகாரிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், ராஜாவுக்குக் கொடுப்பதானால் பொன் கொடு என்றார்கள். காமாவின் ஆள் ஒருவர் கரையிறங்கியதும் முதலில் எதிர்ப்பட்டது ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த இரண்டு துனிசியர்கள். "உன்னைப் பிசாசு கொண்டுபோக, இங்கே உனக்கு என்ன வேலை?" என்ற பாணியில்தான் வரவேற்பே இருந்தது. அதாவது, போர்த்துக்கீசியர் 'கண்டுபிடித்த' ஊரில் அவர்களின் பக்கத்து வீட்டு மொழி பேசுகிறவர் ஏற்கெனவே உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின் வரும் வன்முறைக்கு இதில்தான் காரணம் இருக்கிறது. சந்தையில் சரக்குக்குச் சரக்கு என்று உட்கார்ந்தால் போர்த்துக்கீசியர் ஜெயிக்க வழியே இல்லை. வேறு ஏதாவது செய்துதான் ஆகவேண்டும்.

போர்த்துக்கீசியரை வணிகர் என்று படிக்காதீர்கள், வசூல்காரர் என்று படியுங்கள்

1509-இல் டையூவுக்கு முன்னால் எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டைக் கப்பல்களைப் போர்த்துக்கீசிய வைஸ்ராய் அல்மெய்டா முறியடித்தார். 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹோர்முஸ் என்று அவருக்குப் பின் வந்த கவர்னர் அல்புகெர்க் பிடித்துக்கொண்டே போனார். ஏடனை மட்டும் பிடிக்க முடியவில்லை. உங்கள் வரைபடத்தில் இந்த ஊர்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். நாடு எதுவும் இல்லை, எல்லாம் காற்று மாறும்வரை கப்பல்கள் காத்திருக்கும் இடங்கள், அல்லது குறுகலான கடல்வாய்கள்.

அங்கே உட்கார்ந்துகொண்டு அவர்கள் செய்தது கடலில் சுங்கச்சாவடி போட்டதுதான். 'கார்தாஸ்' என்று ஒரு சீட்டு. கப்பலின் பெயர், மாலுமித் தலைவன் யார், எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை ஆயுதம் இருக்கிறது என்று எல்லாம் எழுதியிருக்கும். மிளகு ஏற்றக்கூடாது, துருக்கியரை ஏற்றக்கூடாது, போகிற வழியில் எங்கள் துறைமுகத்தில் நின்று தீர்வை கட்டிவிட்டுப் போ. சீட்டின் விலை அற்பம், வருமானம் அந்தத் தீர்வையில் இருந்தது. சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தால் சரக்கு போச்சு, சில சமயம் ஆளும் போச்சு. அக்பரின் அத்தை குல்பதன் பேகம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அவரே சூரத்தில் இந்தச் சீட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

'பாதுஷா ஏன் பொறுத்துக்கொண்டார்?' என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு ஆசியா தூங்கிக்கொண்டிருந்தது என்று எழுதிவிடாதீர்கள், மிகச் சோம்பேறித்தனமான பதில் அது. முகலாயருக்கும் விஜயநகரத்துக்கும் கஜானா நிரம்பியது நிலவரியில். கடலில் யார் யாரிடம் சுங்கம் வாங்கினாலும் சரக்கு துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தால் போதும். விஜயநகரத்துக்குக் குதிரை வேண்டும், குதிரை கோவா வழியாக வரும், அப்புறம் எதற்குச் சண்டை? சண்டை போட்டவர்கள் கடலையே நம்பியிருந்தவர்கள். மலபாரின் குஞ்ஞாலி மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்த்துக்கீசியரோடு மோதினார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இத்தனை செய்தும் மிளகு முழுதும் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சுமத்ராவின் அச்சேயிலிருந்து செங்கடல் வழியாக மிளகு மறுபடி வெனிஸுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. கோவாவின் அதிகாரிகளே சொந்த வியாபாரம் பார்த்துக்கொண்டு, கையில் காசு வைத்தால் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

நம் முதல் கேள்விக்கு இந்தக் கட்டத்தில் பதில்: வெள்ளி. ஐரோப்பாவில் தோண்டியது குறைவு. 1545-இல் இன்றைய பொலிவியாவில் பொத்தோசி வெள்ளிமலை கிடைத்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்து அந்த மலையைக் குடைந்தார்கள். அந்த வெள்ளி ஒரு பக்கம் செவில், லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம் வழியாக இங்கே வந்தது, இன்னொரு பக்கம் 1571-க்குப் பின் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வந்து சீனத்துக்குப் போனது. இதை விட்டுவிட்டு ஆசியக் கதையை எழுதினால் பாதிக் கதைதான். லிஸ்பனில் ஒரு கண், பொத்தோசியில் ஒரு கண் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜப்பான் வெள்ளியையும் மறக்க வேண்டாம். சீனப் பேரரசு தன் மக்களை ஜப்பானோடு நேரடியாக வியாபாரம் செய்யவிடவில்லை. போர்த்துக்கீசியர் நடுவில் புகுந்து, சீனக் கரையில் இருந்த மக்காவ் (Macau) துறைமுகத்திலிருந்து பட்டை ஜப்பானின் நாகசாகிக்கு ஏற்றி, வெள்ளியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இதில் ஐரோப்பியச் சரக்கு ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. இரண்டு அண்டை நாட்டுக்காரர் பேசிக்கொள்ளாததால் இடையில் நின்றவருக்கு லாபம். இந்த மாதிரி இடங்களைத் தேடிப் பிடியுங்கள், நிறையக் கிடைக்கும்.

பழவேற்காட்டில் ஒரு பொதித் துணி ஏறட்டும், நீங்களும் கூடப் போங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான், நீங்களும் அதிக நேரம் இங்கே செலவழியுங்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது. அதன் மூலதனம் ஏறக்குறைய 64 லட்சம் கில்டர். 1600-இன் கடைசி நாளில் சாசனம் வாங்கிய ஆங்கிலக் கம்பெனிக்குத் தொடக்கத்தில் கிடைத்தது சுமார் 68,000 பவுண்டு, டச்சுக்காரரோடு ஒப்பிட்டால் கால் தூசு. தொகையைவிட முக்கியம் அது எப்படி வைக்கப்பட்டது என்பது. ஆங்கிலேயர் அப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டி, கப்பல் திரும்பியதும் லாபத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்தார்கள். டச்சுக் கம்பெனியில் போட்ட பணம் உள்ளேயே நின்றது. பங்குதாரருக்குக் காசு தேவைப்பட்டால் ஆம்ஸ்டர்டாம் சந்தையில் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம், கம்பெனியிலிருந்து உருவ முடியாது. முதல் பட்டியலில் வீட்டு வேலைக்காரப் பெண்கூடப் பங்கு வாங்கியிருக்கிறார். இதனால் என்ன வசதி? ஒரு கோட்டை கட்ட ஐந்து வருஷம் ஆகும், பலன் பத்து வருஷம் கழித்து வரும். பயணத்துக்குப் பயணம் கணக்கு முடிக்கிறவனால் அதைச் செய்ய முடியாது.

சரி, அந்தக் கம்பெனி மலுக்குத் தீவுக்குக் கிராம்பு வாங்கப் போகிறது. வெள்ளியைக் காட்டினால் தீவுக்காரர்களுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அவர்கள் தலைமுறைகளாகக் கேட்டு வாங்குவது இந்தியத் துணி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தத் துணிதான், சில வீடுகளில் பெட்டியில் வைத்துக் குலச்சொத்தாகக் காத்தார்கள். சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளின் இடது கை, அந்தக் கரையின் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரமே செத்துவிடும் என்று ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி 1612 வாக்கில் எழுதினார். தென்னாப்பிரிக்க முனையைத் தாண்டி நேர்கிழக்கே பலத்த காற்றில் ஓடி, அப்புறம் வடக்கே ஜாவாவுக்குத் திரும்பும் புதுக் கடல்வழியை 1611-இல் ஓட்டிக் காட்டியவரும் இவரே. 1613 வாக்கில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது.

இப்போது பொதியின் பின்னால் போங்கள். கம்பெனி அதிகாரி நெசவாளியைப் பார்ப்பதே இல்லை. அவர் உள்ளூர் வணிகரிடம் மாதிரித் துணியைக் காட்டி, இன்ன நீளம், இன்ன அகலம், இத்தனை இழை, இந்தச் சிவப்பு என்று பேசி முன்பணம் கொடுப்பார். வணிகர் தன் தரகர் மூலமாக உள்ளூர்க் கிராமங்களில் அதைப் பிரித்துக் கொடுப்பார். நெசவாளி அந்தப் பணத்தில் நூல் வாங்குவார், அரிசி வாங்குவார். மாதங்கள் கழித்துத் துணி வரும், வெளுப்பவரிடம் போகும், சாயவேரில் சிவப்பு ஏறும், திரும்ப வந்து கம்பெனிக் கிட்டங்கியில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். கீழ்த்தரம் என்று தள்ளியதற்கு விலை குறைப்பார்கள், வணிகர் ஒப்புக்கொள்ள மாட்டார், நாள்கணக்கில் வாய்ச்சண்டை நடக்கும். அப்புறம் பொதி கட்டி, கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். அங்கிருந்து 1619-இல் நிறுவிய பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. பட்டாவியாவிலிருந்து தீவுகள். தீவில் துணி கிராம்பாகவும் ஜாதிக்காயாகவும் மாறும். அதில் ஒரு பங்கு சூரத்திலும் பாரசீகத்திலும் விற்கும், மிச்சம் ஆம்ஸ்டர்டாம் போகும். ஆசியாவுக்குள்ளேயே இப்படிச் சுற்றிச் சுற்றி லாபம் சம்பாதித்து, அந்த லாபத்திலேயே ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்கை வாங்கிவிட்டால் ஊரிலிருந்து வெள்ளி கொண்டுவருவது குறையும். டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸூன் கூன் தன் மேலதிகாரிகளுக்கு விளக்கிய திட்டமே இதுதான்.

அந்தக் கூன்தான் 1621-இல் பண்டாத் தீவுகளுக்குப் படையோடு போனவர். ஜாதிக்காய் உலகத்திலேயே அங்கே மட்டும் விளைந்தது, தீவுக்காரர்கள் ஆங்கிலேயருக்கும் ஜாவாக்காரருக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படை வைத்துத் தலை வெட்டினார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில். மற்றவர்கள் வெட்டுப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், ஓடினார்கள், அடிமையாகக் கப்பலேறினார்கள். அப்புறம் தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை, அதனால் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பழவேற்காட்டிலிருந்தும் டச்சுக்காரர் அடிமைகளை ஏற்றினார்கள். பஞ்சக் காலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையே விற்றுக்கொண்டவர்கள் அதில் உண்டு. துணிப் பொதியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு.

இரண்டாவது கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். விற்க மாட்டேன் என்று பண்டாக்காரரால் சொல்ல முடியவில்லை. சின்னத் தீவு, போக வேறு இடம் இல்லை. சோழமண்டல நெசவாளியால் முடிந்தது. விலை கட்டுப்படவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்யலாம், அதுவும் சரிவராவிட்டால் தறியைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு பக்கத்து நாயக்கர் சீமைக்குப் போகலாம், அங்கே நெசவாளியை வரவேற்று இடம் கொடுப்பார்கள். டச்சு, ஆங்கில, டேனிஷ், பிரெஞ்சுக் கம்பெனிகள் ஒரே கரையில் போட்டி போட்டதும் அவருக்கு வசதி. ஒரே கம்பெனி, ஒரே நூற்றாண்டு, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடக்கிறது.

உள்ளூர்ப் பெருவணிகர்களைத் தேடி எழுதுங்கள்

பெரும்பாலான கட்டுரைகளில் ஐரோப்பியருக்குப் பெயர் இருக்கும், மற்றவர்கள் 'உள்ளூர் வணிகர்கள்' என்று கூட்டமாக நிற்பார்கள். பெயர்கள் கிடைக்காமல் இல்லை. மலாக்காவில் நைனா சாத்து என்ற இந்து வணிகர், சோழமண்டலக் கரையோடு தொடர்புள்ளவர், 1511-இல் போர்த்துக்கீசியருக்கு உதவி, பிறகு அவர்களோடு கூட்டுக் கப்பல் ஓட்டி, தம் மக்களுக்குத் தலைவராக நியமனம் பெற்றார். 1514-இல் அந்தப் பதவியைப் பறிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தீயில் இறங்கி உயிரை விட்டார். சூரத்தில் விர்ஜி வோரா ஆங்கிலக் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர். சென்னையில் காசி வீரண்ணா 1670-களில் கம்பெனியின் தலைமை வணிகர். 1680-இல் அவர் இறந்தபோது கோட்டையில் பீரங்கி முழங்கினார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார், சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். வேறு எந்த மூலத்தையும் படிக்க நேரமில்லை என்றால் அந்த நாட்குறிப்பில் துணி வியாபாரம் வரும் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள், முன்பணமும் பேரமும் கோபதாபமும் அப்படியே இருக்கும்.

இவர்களைத் துரோகிகள் என்று எழுதுகிற ஆட்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1670-இல் சென்னையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கம்பெனி என்பது நிறைய வெள்ளி வைத்திருக்கும் இன்னொரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

தோல்விப் பட்டியல் ஒன்று தயார் பண்ணுங்கள்

பீரங்கி வாதத்தைச் சோதிக்க இது அவசியம். 1520-களின் தொடக்கத்தில் சீனக் கடற்படை போர்த்துக்கீசியரை அடித்து விரட்டியது. 1650-இல் ஓமானியர் மஸ்கட்டையும், 1698-இல் மொம்பாசாக் கோட்டையையும் பிடுங்கினார்கள். 1662-இல் தைவானிலிருந்து டச்சுக்காரரைச் சீனத் தளபதி கோக்ஸிங்கா வெளியேற்றினார். 1686-இல் ஆங்கிலக் கம்பெனி ஔரங்கசீப்போடு மோதிப் பார்த்தது. 1690-இல் மன்னிப்புக் கேட்டு ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டியது. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர் தோற்றார்கள். கடலில் அவர்கள் கை ஓங்கியிருந்தது, கரையேறினால் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

கணக்கு மாறிய இடம்

1757-இல் பிளாசிப் போரில் ஆங்கிலக் கம்பெனி வங்காள நவாபை வென்றது. ஆனால் நீங்கள் அடிக்கோடு போட வேண்டியது 1765. அலகாபாத்தில் முகலாய பாதுஷா, வங்காளம், பீகார், ஒரிசா மூன்றுக்கும் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை வங்காளத் துணி வாங்க லண்டனிலிருந்து வெள்ளிப் பெட்டி வர வேண்டும். இனி வங்காள விவசாயி கட்டும் வரியிலேயே வங்காள நெசவாளியின் துணியை வாங்கலாம். வெள்ளி வரத்து கிட்டத்தட்ட நின்றேபோனது. யாருடைய பணம் என்ற கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளாக இருந்த பதில் அன்றோடு தலைகீழானது.

நம் பக்கத்தில் 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் மானியமாக, கம்பெனிக்கு வந்தது. அதன் பிறகு கம்பெனி பெருவணிகர்களை மெல்ல ஓரங்கட்டி, தன் சம்பள ஆளான குமாஸ்தாவை நேரே நெசவாளியிடம் அனுப்ப ஆரம்பித்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டது, வேறு ஆளுக்கு நெய்தால் தண்டனை. தறியைத் தூக்கிக்கொண்டு போனாலும் போய்ச்சேரும் ஊரும் அவர்களுடையதாகிக்கொண்டே வந்தது. ஆக, இரண்டாவது கேள்விக்கும் பதில் மாறிவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே இங்கிலாந்து தன் சந்தையை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியை உள்நாட்டில் உடுத்தவே தடை விதித்தார்கள். எந்திர நூற்பு வருவதற்கு முன்பே போட்ட தடை இது. மான்செஸ்டர் ஆலைத் துணி போட்டியில் ஜெயித்தது என்று யாராவது எழுதினால் இந்த இரண்டு ஆண்டுகளைக் காட்டுங்கள்.

சீனாவுக்கும் இதே கேள்விகளைப் போடலாம். தேயிலைக்கு வெள்ளி போய்க்கொண்டே இருந்தது, நிறுத்த ஒரு சரக்கு வேண்டும். 1773-இல் வங்காளத்தின் அபின் கம்பெனியின் ஏகபோகமானது. சீன அரசு வேண்டாம் என்றது. 1839-இல் போர் வந்தது, 1842-இல் துறைமுகங்களைத் திறந்து ஹாங்காங்கையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆவணங்களைப் படிக்கும்போது

புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய ஆலோசனைக் குறிப்புகள் அச்சாகி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்களும் இருக்கின்றன. படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: 'இந்த வணிகர்கள் ஏமாற்றுக்காரர்கள், நெசவாளிகள் சோம்பேறிகள்' என்று அதிகாரி புலம்பியிருந்தால், அந்த ஆண்டு பேரத்தில் அவர் தோற்றிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புலம்பல் குறைந்து உத்தரவு அதிகமாகும் ஆண்டைத் தேடுங்கள். மூலப்பிரதியில் கணக்குப் பட்டியல் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், வெள்ளிப் பெட்டி எத்தனை இறங்கியது என்ற ஒரு வரி பத்துப் பக்க வர்ணனைக்குச் சமம்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தரங்கம்பாடிக் கோட்டை நன்றாக இருக்கிறது. அந்த இடத்தைக் கொடுத்தபோது 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய பொன்னோலை கோபன்ஹேகனில் இருக்கிறது. ஓலை வடிவில், தமிழில் எழுதியது. கொடுத்தவர் கை மேலே இருந்த காலத்துக் கடிதம் என்பது மனதில் இருக்கட்டும்.

இத்தனையும் படித்தபின் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். ஒரே ஒரு துறைமுகம் எடுங்கள், நாகப்பட்டினம் நல்ல தேர்வு. 1550, 1690, 1790 என்று மூன்று பத்திகள் போட்டு இரண்டு கேள்விகளுக்கும் பதில் நிரப்புங்கள். முதல் பத்தியில் தஞ்சை நாயக்கர் நிழலில் பிழைக்கும் போர்த்துக்கீசியத் தனிவணிகர்கள் வருவார்கள், இரண்டாவதில் 1658-இல் ஊரைப் பிடித்து 1690-இல் அதைத் தலைமையிடமாக்கிய டச்சுக்காரர், மூன்றாவதில் 1781-இல் அவர்களைத் துரத்திய ஆங்கிலேயர். நிரப்பி முடித்ததும் பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டு நாகூரை எழுதுங்கள். டச்சுக்காரர் கைக்கு நாகப்பட்டினம் போனபின் மரைக்காயர் கப்பல்கள் சில மைல் வடக்கே நாகூரிலிருந்து அச்சேவுக்கும் மலாய் கரையின் கெடாவுக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, 1786-இல் பினாங்கு வந்ததும் அங்கேயும் போய் இறங்கின. அந்த வரிசையில் 1790-க்கான கட்டத்தை நிரப்பத்தான் உங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.